அரைப்பேர் போடாதீர்!

தோட்டத்துக் கணக்கிலே "பேர்" என்றொரு சொல் உண்டு. வெலிமடையில் நிலம் கொத்தும் கமக்காரருக்கும், பதுளையில் கச்சேரியிலும் கந்தோரிலும் கடமை பார்க்கும் உத்தியோகத்தருக்கும் அதன் முழுப் பொருள் தெரியாதிருக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது நன்றாகத் தெரியும். காலைப் பெரட்டிலிருந்து மாலை வரை மலையில் நின்று, குறித்த நிறை குறையாமல் கொழுந்து கொடுத்தால் அவளுக்கு ஒரு பேர் போடப்படும். நிறை குறைந்தால் அரைப்பேர். மழை பெய்தது, அட்டை கடித்தது, மலையில் கொழுந்தே இல்லை என்பவை கணக்கில் ஏறமாட்டா. பெயரும் பேர், கூலியும் பேர். மனிதரின் பெயரும் அவர்தம் நாட்கூலியும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது நம் தோட்டங்களிலேதான்.

அந்த அரைப்பேர்க் கணக்கு இன்று பாட்டிலும் புகுந்துவிட்டது. லயத்தில் பிறந்த பாட்டு மேடை ஏறுகிறது; கடல் கடக்கிறது; பணமும் புகழும் ஈட்டுகிறது. அதைப் பெற்று வளர்த்தவர்களுக்கு விழுவதோ அரைப்பேர். பல வேளைகளில் அதுவும் இல்லை. இதனை நாம் கலை விமரிசனமாக எழுதவில்லை. உரிமை வழக்காக எழுதுகிறோம்.

வழக்கின் சங்கதிகளை முதலில் வைப்போம்.

2021 மார்ச் 7ஆம் நாள் "எஞ்சாய் எஞ்சாமி" என்னும் பாடல் வெளிவந்தது. எழுதிப் பாடியவர் அரக்கோணத்து இளைஞர் அறிவு. உடன் பாடியவர் தீ. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது. வெளியிட்டது மாஜ்ஜா என்னும் நிறுவனம். பறையையும் கானாவையும் மேல்நாட்டு ராப் பாட்டோடு சேர்த்து, 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவில் பாடியவர் அறிவு. இந்தப் பாடலில் அவர் ஒப்பாரியை எடுத்தார். தம் பாட்டியின் வாழ்க்கையை எடுத்தார். அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திரும்பியவர் என்பதை அறிவே உலகறியச் சொல்லியிருக்கிறார். மண்ணைத் திருத்தியவருக்கு அந்த மண்ணில் பங்கில்லை என்பதே பாட்டின் உள்ளுறை. அதைக் கோடிக்கணக்கான முறை உலகம் கேட்டது.

பின்னர் நடந்தது என்ன? 2021 ஆகஸ்டு மாதம் ரோலிங் ஸ்டோன் ஏட்டின் இந்தியப் பதிப்பு இப்பாடலின் புகழைப் பேசியது. அட்டையிலே தீயின் படம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலின் படம் இருந்தது. பாட்டை எழுதிய அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கும் ஓர் அட்டை கிடைத்தது. 2022 சூலை 28ஆம் நாள் சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாடல் ஒலித்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு அம்மேடையில் இல்லை. சில நாட்களில் அறிவு வாய் திறந்தார். பாட்டை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தாமே என்றார். சந்தோஷ் நாராயணனும் தீயும் மறுமொழி கூறினர்: அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார், பாட்டின் பெருமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றனர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வேறொரு செய்தி சொன்னார்: மூவருக்கும் அதுவரை வருவாயாக ஒரு காசும் வரவில்லை என்றார். நிறுவனம் தன் பக்க விளக்கத்தைத் தந்தது.

இவர்களுள் யார் சொல்வது மெய் என்று தீர்ப்பளிக்க நாம் நீதிபதிகள் அல்லேம். ஒருதலைப்பட்சமாக எழுதவும் விரும்புகிலேம். ஆயின் இவ்வழக்கைப் படிக்கும்போது ஒன்று கண்ணை உறுத்துகிறது. பாடகர் பேசுகிறார், இசையமைப்பாளர் பேசுகிறார், நிறுவனம் பேசுகிறது. கட்சிக்காரராகக்கூடச் சேர்க்கப்படாத ஒரு தரப்பு மௌனமாக வாயிலில் நிற்கிறது. ஒப்பாரியை ஆக்கியவர்கள், அதற்குப் பொருளாகத் தம் வாழ்வைக் கொடுத்தவர்கள், தோட்டத்து மக்கள், அவர்கள்தாம் அத்தரப்பு.

இந்த ஒப்பாரி நமக்கு அயலதன்று. 1924இல் பதுளைக்கு இரயில் வந்தது. தேயிலையை இறக்குவதற்கு வந்த பாதை அது. 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று இரு பிரதமர்கள் மனிதரைப் பங்கிட்டனர். எஞ்சியவரையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். பங்கிடப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? அதன் பின் தேயிலை இறங்கிய அதே பாதையில் மனிதர் இறங்கினர். மலைநாட்டு நிலையங்களில் வண்டிக்குள் இருந்தவரும் மேடையில் நின்றவரும் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைத்தனர். உயிரோடு இருப்பவருக்கு வைத்த ஒப்பாரி! மக்கள் அவ்வண்டிக்கு இட்ட பெயரே "ஒப்பாரிக் கோச்சி". தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது அவர்கள் கொண்டுபோன மூட்டையில் நிலம் இல்லை, பணம் இல்லை, பாட்டு இருந்தது.

இப்போது நம் எதிர்வாதிகளின் முதல் வாதத்துக்கு வருவோம். "நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே அது பொதுச்சொத்து, எவரும் எடுக்கலாம்" என்கின்றனர்.

நன்று. இவர்களிடம் ஒரு கேள்வி. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழனைப் பார்த்து என்ன சொன்னது? நீ இந்நாட்டவன் அல்லன் என்றது. பாடியவன் அந்நியன், அவன் பாட்டு மட்டும் பொதுச்சொத்தா? அவன் இருக்கக் கூடாது, அவன் குரல் மட்டும் இருக்கலாமா? பொதுச்சொத்து என்றால் அந்தப் பொதுவில் அவனுக்கும் ஓரிடம் வேண்டாமா?

ஆசிரியர் இல்லை என்னும் வாதம் ஊவாவுக்குப் பழக்கமான வாதம். 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடாத நிலம் ஆகியன, மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியன என்று அது அனுமானித்தது. சேனைப் பயிர் செய்த சிங்களக் குடியானவனிடம், "உன் உறுதி எங்கே? சன்னஸ் எங்கே?" என்று கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக விதைத்தவனிடம் காகிதம் இல்லை. நிலம் முடிக்குப் போயிற்று. முடியிடமிருந்து துரைக்குப் போயிற்று. அந்நிலத்தில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து நம் மூதாதையரைக் கொண்டுவந்தனர். காகிதம் இல்லாதவனுக்கு உடைமை இல்லை என்று சொல்லி அன்று மண்ணை எடுத்தனர். அதே சொல்லைச் சொல்லி இன்று பாட்டை எடுக்கின்றனர். கமக்காரத் தோழர்களே, உங்கள் பாட்டன் வைத்துப் போன விதைநெல்லில் அவன் பெயர் எழுதியிருக்கவில்லை. அதனால் அது கேட்பாரற்ற நெல்லாகிவிடுமா?

இரண்டாவது வாதம் சற்று இனிப்பானது. "உங்கள் பாட்டுக்கு நாங்கள் புகழ் தேடித் தருகிறோமே, போதாதா?" என்கின்றனர். இதற்கும் ஊவாவிலேயே விடை இருக்கிறது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதென்னைத் தோட்டத்தைத் தமதாக்கினார். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த இடத்துக்கு இன்றும் உல்லாசப் பயணிகள் போகின்றனர். லிப்டன் ஆசனம் என்று அதற்குப் பெயர். அவர் பெயர் பொறித்த தேயிலைப் பெட்டி உலகெங்கும் போயிற்று. ஊவாத் தேயிலையின் மணம் புகழ்பெற்றது. அந்தப் புகழில் கொழுந்து பறித்தவளின் பெயர் எந்தப் பெட்டியில் இருக்கிறது? பொருளின் புகழ் வேறு. உழைத்தவரின் பெயர் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பது நூற்றாண்டுப் பழமையான வியாபாரம்.

மூன்றாவது வாதம் நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. "பழம் பாட்டை மின்சார வாத்தியத்தோடு கலந்தால் தூய்மை கெட்டுவிடும்" என்று நம் பண்டிதர் சிலர் முகம் சுளிக்கின்றனர். எந்தத் தூய்மையைச் சொல்கின்றனர்? திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தெம்மாங்கும் கும்மியும் தாலாட்டும் மலையேறியதும் துரையையும் கங்காணியையும் கோச்சியையும் பெரட்டையும் தமக்குள் வாங்கிக்கொண்டன. கலந்ததனால்தான் அவை தோட்டத்துப் பாட்டாயின. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டத்துக்குக் கூட்டம் பாடினார். இந்தியரின் இலங்கை வாழ்க்கை நிலைமையைப் பாட்டாக்கி 1940இல் நூலாகவும் வெளியிட்டார். பேச்சு ஏறாத செவியிலும் பாட்டு ஏறும் என்பதை அவர் அறிந்திருந்தார். அன்று அரசியல் மேடை அவருக்குப் புதிய மேடை. இன்று ஒலிபெருக்கியும் ராப்பும் அறிவுக்குப் புதிய மேடை. உடையவர் தம் பாட்டைக் கலப்பது உரிமை. உடையவரை ஒதுக்கிவிட்டுக் கலப்பது களவு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பாதீர்.

இத்தகைய களவு பிற நாடுகளிலும் நடந்திருக்கிறது; அங்கே நீதியும் கேட்கப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் சூலு இனப் பாடகர் சொலமன் லிண்டா 1939இல் "ம்பூபே" என்னும் பாட்டைப் பதிவு செய்தார். தம் மண்ணின் பாட்டு முறையை நகரத்து மேடைக்கு ஏற்றியவர் அவர். பதிவு நிறுவனத்திடமிருந்து அவர் பெற்றது ஏறத்தாழ 10 ஷில்லிங். பாட்டு அமெரிக்கா போயிற்று. "தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்" என்று பெயர் மாறிற்று. 1994இல் "லயன் கிங்" திரைப்படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962இல் வறுமையில் மாண்டார். அவருடைய மக்கள் 2004இல் வழக்குத் தொடுத்தனர். பிரித்தானியப் பேரரசின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே அவர்களுக்கு ஆயுதம் கிடைத்தது: ஆசிரியர் இறந்து 25 ஆண்டு சென்றபின் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்னும் விதி. 2006இல் இணக்கம் ஏற்பட்டு அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. ஏகாதிபத்தியத்தின் சட்டப் புத்தகத்தைக் கொண்டே ஏழைப் பெண்மக்கள் பெருநிறுவனத்தை வழிக்குக் கொண்டுவந்தனர். நம்மிடம் ஆயுதம் இல்லையா?

இருக்கிறது! 2003ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதியை விரித்துப் பாருங்கள். 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை அளிப்பது. அடுத்துள்ள 36ஆம் இலக்கச் சட்டம் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைக் காக்கிறது. நாட்டார் பாடல் அதனுள் அடங்கும். 55 ஆண்டு கழித்து மனிதனுக்கு உரிமை தந்த அதே ஆண்டில், அதற்கடுத்த இலக்கத்திலேயே, அவன் பாட்டுக்கும் காப்பு எழுதப்பட்டிருக்கிறது. முன்னதைப் பெறப் போராடினோம். பின்னதை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

24ஆம் பிரிவு சொல்வது இதுதான். நாட்டார் பாடலை வியாபார நோக்கத்துக்காகவோ அதன் மரபுச் சூழலுக்கு வெளியேயோ பிரதி செய்வதற்கும், பொதுமக்களிடம் கொண்டு செல்வதற்கும், மாற்றியமைப்பதற்கும் தகுதிவாய்ந்த அதிகாரியின் அனுமதி வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. பொதுமக்களிடம் கொண்டு செல்லும்போது, அப்பாடல் எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்று குறிப்பிடவேண்டும். வாசகரே, ஊன்றிப் படியுங்கள். பெயர் போடவேண்டும் என்று நாட்டுச் சட்டமே கட்டளையிடுகிறது! இந்தியச் சட்டத்தில் இத்தகைய தனிப்பிரிவு இல்லை. அங்கே 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைப்பணத்தில் சமபங்கை உறுதி செய்தது. அப்பயன் பெயர் தெரிந்த ஆசிரியருக்கே. ஒப்பாரி வைத்த பாட்டிக்கு அதில் இடமில்லை.

எனினும் நம் சட்டத்தைப் புகழ்ந்து உறங்கிவிட முடியாது. அதில் இரண்டு ஓட்டைகள் உள.

முதலாவது: வசூலாகும் பணம் கலாசார அபிவிருத்திக்குப் பயன்படும் என்கிறது சட்டம். யாருடைய கலாசாரம்? எவ்விடத்து அபிவிருத்தி? மடுல்சீமைத் தாலாட்டுக்கு வந்த பணம் கொழும்பில் ஒரு மண்டபத்துக்குத் திரைச்சீலை வாங்கப் போகலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

இரண்டாவது: சட்டத்தின் சொற்களை எழுத்துப்படி படித்தால், பசறைத் தோட்டத்துப் பேத்தி தன் பாட்டியின் தாலாட்டைப் புதுக்கிக் கொழும்பு மேடையில் பணம் பெற்றுப் பாடுவதற்கும் அந்த அதிகாரியின் அனுமதி வேண்டும். தன் தாயின் சேலையை உடுத்த மகள் கந்தோரில் மனுக் கொடுப்பதா? அயலாருக்குப் போட்ட வேலி வீட்டுக்காரரையே வெளியே நிறுத்தலாமா?

இது தமிழரின் வழக்கு மட்டுமன்று. நம் பதுளை மாவட்டத்தின் வட எல்லையில், மகியங்கனைக்கு அப்பால், தம்பானையில் வேடர்கள் வாழ்கின்றனர். இத்தீவின் ஆதிக்குடிகள். 1907, 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியர் வேடர் பாடல்களை மெழுகுருளைகளில் பதிந்தனர். 1911இல் வந்த அவர்களது நூலில் அப்பாடல்களின் இசையை ஆராய்ந்து மயர்ஸ் என்பார் எழுதினார். நூலில் ஆராய்ந்தவரின் பெயர் தலைப்பில் இருக்கிறது. பாடிய குடியின் குரலோ கடல் கடந்து இலண்டன் காப்பகத்துக்குப் போயிற்று. காட்டை இழந்த குடியும் குடியுரிமை இழந்த குடியும் ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றன. 24ஆம் பிரிவு இருவருக்கும் பொது. இருவரும் சேர்ந்து கேட்டால் என்ன?

நாம் கேட்பவை நான்கு. ஒன்று: மலையகப் பாடலுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தில் மலையக மக்களின் பிரதிநிதிகள் அமர வேண்டும், வேடர் பாடலுக்கு வேடர்கள். இரண்டு: பாட்டிலிருந்து வரும் பணம் பாட்டு வந்த சமூகத்துக்கே திரும்ப வேண்டும். மூன்று: அச்சமூகத்தில் பிறந்த கலைஞர் தம் பாட்டைப் புதுக்குவதற்கு அனுமதியும் கட்டணமும் வேண்டா. நான்கு: வானொலியும் தொலைக்காட்சியும் விழாக் குழுவும், பாடியவரின் பெயரையும் பாட்டு வந்த தோட்டத்தின் பெயரையும் சொல்லாமல் ஒரு பாட்டையும் ஒலிக்கலாகாது. நான்காவதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. சமூகத்தையோ இடத்தையோ குறிக்கும்படி 24ஆம் பிரிவு ஏற்கெனவே பணித்திருக்கிறது. பாடியவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல மனம் இருந்தால் போதும்.

அரசாங்கத்திடம் கேட்குமுன் நம்மிடமே கேட்கவேண்டியது ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பதுளைப் பகுதியில் ஒரு தமிழ் விழா. நாமும் மேடையில் இருந்தோம். நிகழ்ச்சி நிரலில் பிரமுகர் பெயர்கள் பட்டங்களோடு அச்சாகியிருந்தன. நம் பெயரும் இருந்தது. கடைசி வரி, "நாட்டார் பாடல்: தோட்டத்துப் பெண்கள்". அறுபதைக் கடந்த ஒரு தாய் பாடினார். மண்டபம் அழுதது. நாமும் அழுதோம். விழா முடிந்து கீழே இறங்கியபோது அவர் பெயரைக் கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. வாகனம் ஹாலிஎலையைத் தாண்டிய பிறகே தோன்றிற்று. சட்டம் படித்த நாம் அன்று அந்தத் தாய்க்குப் போட்டதும் அரைப்பேரே. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலையில் தப்படித்துப் பெரட்டுக்கு அழைத்தார்கள், சாவுக்குத் தப்படித்தார்கள், காமன் கூத்துக்குத் தப்படித்தார்கள். அடித்த கையைச் சாதி சொல்லி ஒதுக்கியது வெள்ளைத் துரை மட்டுமா? நாமும் ஒதுக்கினோம். படித்து உத்தியோகம் பெற்றதும், தப்பு ஒலிக்கும் வீதியை விட்டு விலகி நடந்த கனவான்கள் நம்மிடையே இல்லையா? அதே தப்பு பெருநகர மேடையில் ஒலித்ததும், "அது எங்கள் கலை" என்று மார் தட்டுகின்றனர். மேடையில் பெருமை, லயத்தில் தீண்டாமை என்றால் அதுவும் அரைப்பேர்தான்.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலே பிறந்தவர். 1947இல் பாராளுமன்றம் சென்றவர். அவர் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கித் தந்தார். ஒருவர் அவ்வளவு செய்தார். நாம் எத்தனை பேர் இருக்கிறோம்! ஆசிரியர்களே, உங்கள் மாணவரின் பாட்டிமாரிடம் போங்கள். பாட்டோடு பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள். சட்டத்தரணிகளே, அந்த ஏடுகளைச் சான்றாக்கி 24ஆம் பிரிவின் கீழ் மனு வரையுங்கள்; அதற்குக் கூலி வாங்காதீர். கமக்காரரே, உங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தப்புக்காரரை அழைத்தால் பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள். நோட்டீசில் அவர் பெயரை அச்சிடுங்கள். இளைஞரே, பாடுங்கள், புதுக்குங்கள், எந்த வாத்தியத்தையும் எடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள்.

அறிவு என்னும் இளைஞர் தம் பாட்டியின் பெயரை உலகின் காதில் போட்டார். "வள்ளியம்மா பேராண்டி" என்று தம் தொகுப்புக்கே பெயரிட்டார். பேரன் பாட்டிக்கு முழுப்பேர் போட்டுவிட்டான். மலையிலே இன்னும் ஆயிரம் பாட்டிமார் கணக்கில் ஏறாமல் நிற்கின்றனர்.

பேரேட்டைத் திறவுங்கள். அவர்களுக்கும் முழுப்பேர் போடுங்கள்!